பகடை இல்லாத ஆட்டம்

உத்தமபாளையத்தில் என் பெரியப்பா, எங்கள் பேச்சில் பெரியத்தா, ஷேக் மைதீன் வீட்டு மாடியில் 'கொண்டை ஊசி பதிப்பகம்' என்று ஒரு தகரப் போர்டு இன்னும் தொங்குகிறது. விவரம் தெரியாதவர்கள் தலைமுடிச் சாமான் மொத்த வியாபாரம் என்று நினைத்துப் படியேறி வந்து கேட்பார்களாம். குமுளி ரோட்டு வளைவுகளை மனதில் வைத்து, பெரியத்தாவின் மகள் ரிஸ்வானா அக்கா வைத்த பெயர் அது. கதையாட்டப் புத்தகம் போட்டு விற்கும் பதிப்பகம் ஒன்று எங்கள் பள்ளத்தாக்கில் எழும்பிப் படுத்த கதையை இங்கே டப்ளினில் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஊரிலிருந்து வரும் போனை முதல் மணியிலேயே எடுக்கும் ஆள் நான். பதிப்பகம் படுத்த வருசம் வந்த போனெல்லாம் அக்காவைப் பற்றித்தான்.

கதையாட்டம் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார்: மழை, மலைப்பாதை, எதிரே ஒற்றை யானை. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேடம். ஒருத்தி வீட்டைவிட்டு ஓடி வந்த கல்யாணப் பெண், இன்னொருத்தர் ஏலக்காய் வியாபாரி, இன்னொருத்தர் வேலை போன பஸ் கண்டக்டர். "நான் பாறைக்குப் பின்னால ஒளியுறேன்" என்பார் கண்டக்டர். ஒளிய முடிந்ததா, யானை பார்த்துவிட்டதா என்பதை அதிர்ஷ்டம்தான் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஆட்டங்களில் அதற்குப் பகடை உருட்டுவார்கள். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தபோது, கூடத் தங்கியிருந்த பெண்களிடம் அக்கா கற்றுக்கொண்டது இது.

கல்யாணம் முறிந்து, வேலையும் போய், ஊர் வந்து சேர்ந்தவள் வெகு நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒருநாள் வந்தாள். பக்கத்து வீட்டு ரஃபியாவையும் இன்னும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைக்கப்போவதாகச் சொன்னாள். மகள் வாயைத் திறந்ததே பெரியத்தாவுக்குச் சந்தோஷம். ஆனாலும் ஒன்று கேட்டார்.

"பகடையா வச்சு ஆடுறது?"

"பந்தயமே கிடையாது அத்தா. காசு வைக்கிறதில்ல."

"காசு வச்சாத்தான் சூதா? அந்தச் சாமான் நம்ம மார்க்கத்துல ஆகாது, வீட்டுக்குள்ள வரப்படாதும்மா. நாளைக்கி நாலு பேரு கேட்டா நான் சொல்ல வாய் வேணும். உருட்டாம ஆடுறதா இருந்தா ஆடு. எவன் வந்து கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

கம்பத்தில் அவருக்குத் தையல் சாமான் கடை. லைனிங் துணி, நூல்கண்டு, ஜிப், கொக்கி. மறுநாள் கடை அடைத்து வரும்போது ஒரு பை நிறையச் சட்டைப் பொத்தான் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "இத வச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா பாரு." அக்கா லைனிங் துணியில் சுருக்குப் பை தைத்தாள். வெள்ளைப் பொத்தான் வந்தால் நினைத்தது நடக்கும், கறுப்பு வந்தால் நடக்காது. சிவப்பு ஒன்றே ஒன்று. அது வந்தால் யாருமே நினைக்காதது நடக்கும்.

கதை நடத்துகிறவருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று என்னைப் போனில் கேட்டாள். 'ஆட்டநாயகர்' என்றேன். "கிரிக்கெட் பரிசு குடுக்கிற மாதிரி இருக்குடா, போடா" என்று வைத்துவிட்டாள். கடைசியில் ரஃபியாதான் சொன்னாளாம்: "மலைக்கு ஆள் கூட்டிட்டுப் போறவன் யாரு? கங்காணி. இதுக்குப் போயி டப்ளினுக்கெல்லாம் போன் போட்டுக்கிட்டு." கங்காணி என்றே நின்றுவிட்டது. ஆட்டத்துக்கு 'மலையேத்தம்' என்று பெயர்.

ஆட்டத்தைப் புத்தகமாக்கியபோது அதற்குப் படம் போட்டவள் ஜெபஷீலா. போடிக்காரி, பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். அவள் வீட்டிலும் இதே சங்கதிதான். "பகடையக் கண்டா எங்கம்மா வீட்டையே கழுவி விட்ருவாக. சிலுவைக்குக் கீழ உக்காந்து ஆண்டவரோட அங்கிக்குச் சீட்டுப் போட்ட கூட்டத்தோட புத்தின்னு. பொத்தானுக்கு வேதத்துல ஒண்ணும் சொல்லல, தப்பிச்சோம்" என்று சிரிப்பாள்.

புத்தகம், பை, பொத்தான், ஜெபஷீலா வரைந்த மலைப்பாதைப் படம், எல்லாம் ஒரே பெட்டியில். சிவகாசியில் அச்சடித்து வந்தது. ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் கிடந்த சமயம் அது. அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு நல்ல காலம். மதுரைப் புத்தகக் காட்சியில் பெட்டி தீர்ந்துபோய் ஆட்கள் பெயர் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். கனடாவிலிருந்து கேட்டார்கள். வருசநாட்டுக் காட்டை வைத்து இரண்டாவது புத்தகம் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் வீட்டு மேசை போதாமல் மாடியில் பாய் விரித்தார்கள். காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்தவர்களும் உண்டு. வீட்டில் குரலே எழுப்பாத மருமகள்கள் அந்தப் பாயில் உட்கார்ந்து யானையை அதட்டினார்கள்.

உள்ளூரில் ஆட்டம் ஓடியது அக்காவின் எழுத்துக்காக மட்டும் இல்லை. பெரியத்தாவின் வாய்க்காகவும்தான். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தார். கொக்கி வாங்க வருகிற பெண்ணிடமும் சொல்வார்: "இதுல பகடை இல்லம்மா. என் பொத்தான்தான். நம்பி எடுத்துட்டுப் போங்க." டீக்கடையில் யாரோ இடக்காக, "பையில கைய விட்டு எடுக்கிறதும் உருட்டுறதும் ஒண்ணுதான பாய்?" என்று கேட்டதற்கு, "சட்டைக்குப் பொத்தான் எடுக்கிறவனெல்லாம் சூதாடியாய்யா?" என்று வாயை அடைத்திருக்கிறார். அவர் சொன்னால் அந்தத் தெருக்களில் செல்லும். மகளுடைய மேசை அந்தச் சொல்லின் மேல்தான் நின்றது. அது அக்காவுக்கும் தெரியும்.

பிறகு சூரியபிரகாஷ் வந்தான். சொந்த ஊர் தேனி, பெங்களூரில் ஆட்டச் சாமான் கடை. இங்கிலீஷும் தமிழுமாக ஒரே பெட்டி போட்டால் நாடு முழுக்கத் தான் விற்றுத் தருவதாகச் சொன்னான். ஒன்றே ஒன்றுதான் குறை என்றான்.

"பொத்தான் அழகாத்தான் இருக்கு மேடம். ஆனா பெட்டியத் திறந்து டைஸ் இல்லேன்னா, பாக்கெட்ல ஏதோ விட்டுப்போச்சுன்னு கஸ்டமர் திருப்பி அனுப்புறான். சும்மா உள்ள ஒரு செட் போட்டுருங்க. வேண்டாதவங்க எடுத்து வச்சுக்கட்டும்."

ஊருக்கு ஒரு பெட்டி, வெளியூருக்கு ஒரு பெட்டி என்று போடலாம் என்றாள் ஜெபஷீலா. அவ்வளவு கொஞ்சமாக இரண்டு விதம் கட்டித் தர அச்சகத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பகடையைத் தனியாக ஒரு கறுப்புக் கவரில் போட்டு ஒட்டி, மேலே அச்சடிப்பது: 'வேண்டாதவர்கள் பிரிக்க வேண்டாம்.' பெங்களூருக்கும் ஆச்சு, பாளையத்துக்கும் ஆச்சு. இதை என்னிடம் போனில் சொன்னபோது அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"அத்தாட்ட சொல்லிட்டியா?" என்று ஜெபஷீலா கேட்டிருக்கிறாள்.

"சொல்லுவேன்டி. சரக்கு வரட்டும்."

சரக்கு வந்தபோது அக்கா பெங்களூரில், சூரியபிரகாஷ் கடையில் வெளியீட்டுக்குப் போயிருந்தாள். சிவகாசியிலிருந்து பார்சல் லாரி நேரே கம்பம் கடைக்கு வந்து இறக்கிவிட்டது. புது அட்டையைப் பார்த்துப் பெரியத்தாவுக்கு ஏகப் பெருமை. அன்றைக்கே கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி விற்க ஆரம்பித்துவிட்டார். ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. மகள் பெட்டியை அவர் ஏன் திறந்து பார்க்க வேண்டும்?

ரம்ஜான் நெருக்கம். கடை முழுக்கத் தையல்காரர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரஃபியா வந்து பெட்டியைக் கல்லா மேல் வைத்தாள்.

"அண்ணே, இதுக்குள்ள பகடை இருக்கு."

"இருக்காது தங்கச்சி. வேற கம்பெனிப் பெட்டியா இருக்கும்."

"ரிஸ்வானா பேரு போட்டிருக்கேண்ணே."

"போட்டிருக்கட்டும். எங்க பெட்டியில பகடை கிடையாது. இத்தன வருசமாச் சொல்றேன்ல?" கடைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாராம்.

அவள் சண்டைக்கு வரவில்லை. கிழிந்த கறுப்புக் கவரை எடுத்துக் கவிழ்த்தாள். பகடைகள் கண்ணாடி மேல் உருண்டு, ஒன்று லைனிங் துணிக் கட்டுக்குள் விழுந்தது. ஒரு தையல்காரர் எட்டிப் பார்த்து, "பாய், உங்களுக்குத் தாயம் விழுந்திருச்சு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரஃபியா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"பகடை கெடந்தாக்கூடப் பெருசில்லண்ணே. கவர்ல போட்டு, ஒட்டி, பிரிக்காதன்னு எழுதி, ஒளிச்சுல்ல வச்சிருக்கு. பிரிக்காதன்னு எழுதுனா பிள்ளைக சும்மா இருக்குமா? எங்க மாமியா மடியில உக்காந்துதான் கிழிச்சான் சின்னவன். சனிக்கிழமை தோறும் இதுக்குத்தான் போறியான்னு அவுக கேட்டாக. எனக்குச் சொல்ல வாய் இல்ல."

பெரியத்தா பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தார். தையல்காரர்கள் அதற்குள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள்.

அக்கா ஊர் திரும்பியபோது அவர் ஏசவில்லை. "ஏசியிருந்தாகன்னா தாங்கியிருப்பேன்டா" என்று என்னிடம் அழுதாள். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவளாகவே ஆரம்பித்திருக்கிறாள்.

"வேண்டாதவுக எடுத்து வச்சிருவாகன்னு நினைச்சேன் அத்தா."

"எடுத்து எங்கன வைப்பாக? வீட்டுக்குள்ளதானம்மா வைக்கணும்?"



சனிக்கிழமை ஆட்கள் குறைந்தார்கள். யாரும் முகத்தில் அடித்த மாதிரி எதுவும் சொல்லவில்லை. மாமியாருக்கு முடியவில்லை, பிள்ளைக்குப் பரீட்சை, பஸ் நேரம் மாறிவிட்டது. கடைசியாக வந்த காமயகவுண்டன்பட்டிப் பெண், வாசலில் ரஃபியா செருப்பு இல்லாததைப் பார்த்து, "அவுகளே வரலையா?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்துப் போய்விட்டாள். போடியிலும் கவர் கிழிந்தது. ஜெபஷீலாவின் அம்மா வீட்டைக் கழுவினாரோ என்னவோ, சபைப் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டம் நின்றது.

யாருக்காகப் பகடை போட்டார்களோ அவர்களும் வாங்கவில்லை. பெயர்கள் வாயில் நுழையவில்லை என்றார்கள், அரக்கன் எங்கே, வாள் எங்கே என்றார்கள். பஸ் கண்டக்டராக மலையேற அவர்களுக்கு என்ன வந்தது? சூரியபிரகாஷ் பாதிப் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, செல்போன் ஆட்டமாக மாற்றலாம், கங்காணி வேலையை மிஷினே பார்த்துக்கொள்ளும் என்றான். ஜெபஷீலாவுக்குக் கோயம்புத்தூரில் அப்படி ஒரு கம்பெனியிலேயே படம் வரையும் வேலை கிடைத்தது.

"உன்னக் குத்தம் சொல்லிட்டுப் போகலடி," என்றாள் பஸ் ஸ்டாண்டில். "எங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு அந்த வீட்டுல படம் போட முடியல."

அக்கா மாடியில் உட்கார்ந்து மிச்சப் பெட்டிகளை எல்லாம் பிரித்தாள். கறுப்புக் கவர்களை எடுத்துச் சாக்கில் கட்டி சூரியபிரகாஷுக்கே அனுப்பிவைத்தாள். அப்புறம் கம்பத்துக்கு பஸ் ஏறினாள். கடையில் பெரியத்தா தனியாக இருந்தார்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன் அத்தா. ஒரு பெட்டியிலயும் இல்ல. நீங்களே வந்து பாருங்க."

"நல்லதும்மா."

"ரஃபியாக்காட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா வந்திருவாக. அவுக வந்தா மத்தவுகளும் வந்திருவாக."

அவர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டிக் கல்லாவுக்குள் வைத்தார்.

"பெட்டியில இல்லேன்னு நீ சொல்ற. எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா அன்னைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லம்மா. பொத்தான் வேணும்னா எடுத்துட்டுப் போ. வார்த்த என்கிட்ட ஒண்ணுதான் இருந்துச்சு. அதச் சொல்லி முடிச்சிட்டேன்."

அவர் அவளோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டியா என்கிறார், மருந்து வாங்கி வரச் சொல்கிறார். அவள் இப்போது சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் வேலைக்குப் போகிறாள், காலையில் அவரே பைக்கில் பஸ் ஸ்டாண்டில் விடுகிறார். ஆட்டத்தைப் பற்றி மட்டும் அந்த வீட்டில் பேச்சே இல்லை.

போன மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழாசிரியை வகுப்புக்கு நிறையப் பெட்டிகள் கேட்டு அக்காவுக்கு எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்தவர் மூலம்தான் அவருக்கு விலாசம் போனது. இதோ திரும்ப எழும்பிவிடும் என்று எனக்குள் ஒரு பரபரப்பு. வேலை நேரத்திலேயே எழுந்து வெளியே போய்ப் போன் போட்டேன்.

"ஸ்டாக் இல்லேன்னு எழுதிட்டேன்டா," என்றாள்.

"மாடி நிறையக் கெடக்கேக்கா?"

"கெடக்கு."

பிறகு அவளே சொன்னாள்:

"அந்தம்மா ஒண்ணு கேட்டிருந்தாக. உள்ள பகடை இருக்குமா, எங்க பள்ளியில சில வீட்டுக்கு அது ஆகாதுன்னு. இல்லன்னு எழுதத்தான் உக்காந்தேன். உண்மையிலயே இல்லதான். எழுத வரல."