பெல்ட் என்ற ஒரு சொல்

அந்தக் கார் பட்டறையில் இருபது வருடமாக எஞ்சின் பிரித்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்கு வாய் திக்கும். அதனால் முதலாளி அவருக்கு ‘டர்போ’ என்று பெயர் வைத்தார். டர்போ வண்டியில் ஆக்சிலேட்டரை மிதித்த மறுநொடி வேகம் வராது. எஞ்சின் கக்கும் புகைதான் டர்போவின் விசிறியைச் சுழற்ற வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

“இவனும் அப்படித்தான். மிதிச்சா, ஆடி அசைஞ்சு வரும்” என்பார் முதலாளி. எல்லோரும் சிரிப்பார்கள். மெக்கானிக்கும் சிரித்து வைப்பார். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள், வேலையை விட முடியாது.

ஒருநாள் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வேகம் எடுக்கவில்லை என்று ஒருவர் தன் காரை விட்டுப் போனார். பானெட்டைத் திறந்ததுமே மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. இது டர்போ இல்லை, சூப்பர்சார்ஜர். இதுவும் எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதுதான். ஆனால் புகைக்காகக் காத்திருக்காது. பெல்ட் போட்டு எஞ்சினோடு பிணைத்திருப்பார்கள். எஞ்சின் சுற்றினால் அந்த நொடியே இதுவும் சுற்றும்.

முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. காருக்குள் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டு, பட்டறையில் கூடமாட வேலை செய்த தன் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டார். “மாப்ள, டர்போ குழாய்ல காத்து கசியுதான்னு கைய வச்சுப் பாரு.”

“சா... சார், பெ... பெ...”

“ஆரம்பிச்சுட்டான்யா! இவன் முடிக்கிறதுக்குள்ள பெட்ரோல் தீந்துடும்.”

மச்சினன் சிரித்துக்கொண்டே குனிந்தான். முதலாளி ஆக்சிலேட்டரை மிதித்தார். பெல்ட் அவன் சட்டைக் கையைக் கவ்வி இழுத்தது. மெக்கானிக் பாய்ந்து, ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பி அணைத்தார். அதற்குள் மச்சினனின் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம் முதலாளி சொன்னார்: “நான் வண்டிப் பக்கமே போகல சார். சாவி இவன் கையிலதான் இருந்துச்சு.”

“அப்படியாய்யா?”

“இ... இ... இல்...”

போலீஸ்காரர் சற்றுப் பொறுத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதிக் காட்டவும் மெக்கானிக்கால் முடியாது, பள்ளிக்கூடம் போனதில்லை.

மறுநாள் மச்சினனின் கட்டிலருகே போய் நின்றார். “தம்பி, நீ... நீங்க சொ... சொல்லுங்க.”

“நான் அக்கா வீட்டுலதான்ணே சாப்பிடறேன்” என்று சொல்லிவிட்டு அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோர்ட்டில் மெக்கானிக்கின் மனைவி எழுந்து, “அவர் செய்யலைங்க” என்றாள். “நீ அங்க இருந்தியாம்மா?” என்று கேட்டார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக்கை மூன்று மாதம் உள்ளே போட்டார்கள்.

வெளியே வந்தவரை எந்தப் பட்டறையும் சேர்க்கவில்லை. இப்போது பழைய வண்டிகளை உடைக்கும் இடத்தில் சம்மட்டி அடிக்கிறார். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்தாலும் அவர் வாயைத் திறப்பதில்லை.