பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் ஆஸ்டின் டவுன் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டவன் நான். வைரஸ் வராது என்று மனைவியிடம் பெருமை அடித்திருந்தேன். வைரஸ் செய்யக்கூடியதை எல்லாம் நானே செய்துவிடுவேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அஞ்சல் வழி எம்.ஏ.வுக்காக அவள் எழுதிய ஆய்வேடு முழுவதும் அதில்தான் இருந்தது. வேறு பிரதி இல்லை. பிரதி எடுத்து வைக்கவே ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். ஆயுத பூஜையன்று காலை அதைச் செருகி, அதில் இருந்த பார்ட்டிஷனை, அதாவது இடப் பிரிவை, அழித்து, புதிதாக ஒன்று போட்டு, ஃபார்மட் செய்தேன். எந்த டிஸ்க்கை அழிப்பது என்று கேட்டதற்கு 'எஸ்டிஏ' என்று அடித்து என்டரைத் தட்டிய தோரணையைப் பார்த்திருந்தால் நீங்களே எனக்குச் சம்பள உயர்வு கொடுத்திருப்பீர்கள்.

"ஆச்சாங்க?" கையில் சந்தனக் கிண்ணத்தோடு மனைவி.

"ஆச்சு, ஆச்சு."

உடனே கம்ப்யூட்டரை அணைத்தாள். இரண்டுக்கும் பொட்டு வைத்துப் பூச்சரம் போட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அப்போதுதான் உறைத்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எஸ்டிஏ என்றால் உள்ளே இருக்கும் டிஸ்க். வெளியே செருகுவது எஸ்டிபி. அப்படியென்றால் நான் துடைத்தது ஆய்வேட்டையா?

ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய லினக்ஸ் லேசில் விடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனைவியிடம் போய் நின்றேன்.

"ஒரே நிமிஷம் போட்டுப் பாத்துட்டு அணைச்சிடட்டுமா?"

"தொட்டுப் பாருங்க, அப்புறம் இருக்கு."

பூஜைப் பொரிக்கு வந்த அவள் தம்பி உள்ளே பார்த்துவிட்டுக் கத்தினான்: "அக்கா, இங்க வந்து பாருக்கா! சாமியே இல்லன்ற மாமா கம்ப்யூட்டரு முன்னாடி கண்ண மூடிக்கினு நிக்கிறாரு!"

"வயசாவுதில்லடா," என்றாள்.

எந்தச் சாமிக்கு இந்த இலாகா என்று தெரியாததால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மனுப் போட்டிருந்தேன்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். ஆய்வேடு அடிக்குறிப்பு உட்பட அப்படியே இருந்தது. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு; அதில் உள் டிஸ்க்கின் பெயர் 'எச்டிஏ', வெளியே செருகியதுதான் 'எஸ்டிஏ'. நான் அழித்தது சரியான டிஸ்க்கைத்தான். நாற்காலியில் சாய்ந்தேன்.

"எடுத்த காப்பியைக் காட்டுங்க," என்றாள்.

வெளி டிஸ்க்கைத் திறந்தேன். சுத்தமாகத் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. ஃபார்மட் செய்த பெருமையில் பிரதி எடுக்கவே மறந்திருக்கிறேன்.

"அப்ப நேத்து காலையில பூரா என்னதான் பண்ணீங்க?"

"அழிச்சேன்."

"எதை?"

"அதுல ஒண்ணும் இல்ல."

அவள் நாற்காலியை இழுத்தாள். "எந்திரிங்க. எதை அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. கையைக் கட்டிக்கிட்டு."