வாராவாரம் ஒரு கை கிரீஸ்

எனக்கு வேலை மலைக்கு மேலே, ஒரு ஏலக்காய்த் தோட்ட ஆபீஸில். வீடு போடியில். தினமும் அடிவாரத்து முந்தல் தாண்டி அத்தனை கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்குகிறேன். அதற்கு ஒரு சின்னக் கார் போதாதா என்று கேட்காத ஆளே தெருவில் கிடையாது. போதாது. நான் வாங்கியது டர்போ எஞ்சின் வைத்த பழைய கார். தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், மிதித்தால் சீறும். ஆசைப்பட்டேன், வாங்கினேன். யாருக்கும் விளக்கம் சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். எங்கள் பக்கத்து ஜீப்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிச்சோறு. அதற்கு முன்னால் கிரீஸ். வண்டிக்கு அடியில் படுத்து மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடித்து முடிக்காமல் சாப்பாட்டுக்கு எழுந்து வர மாட்டார்கள்.

இந்த வருஷம் மழை ஓய்ந்ததும் காரின் முன்பக்கம் டொக் டொக்கென்று தட்ட ஆரம்பித்தது. பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் ஒரு பக்கமாக இழுத்தது. ஒருநாள் வளைவில், எதிரே லோடு லாரி வரும்போது, கார் என் பேச்சைக் கேட்காமல் தடுப்புச் சுவர் பக்கம் விலகிப் போனது. வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த வாய் சும்மா இருக்குமா?

"வித்துரு புள்ள," என்றார். "தேவாரம் ஊருல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரச் சொல்லிட்டேன்."

"என் காரை விக்க நீங்க யாரு?"

"உனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி நிப்பேன்?"

பேரம் பேசினேன். சக்கரத்தை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்ம் இரண்டும் தேய்ந்துவிட்டன. புதுசு வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை நாமே மாற்றிவிட்டு மலை ஏறிப் பார்ப்போம். அப்புறமும் தட்டினால் விற்றுவிடுகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

ஞாயிறு காலை வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினோம். போல்ட் துருவேறி அசைவேனா என்றது. நான் திட்டினேன், அவர் ஸ்பேனரில் நீளப் பைப்பைச் சொருகித் தொங்கினார். திட்டுக்கா தொங்கினதுக்கா தெரியவில்லை, கழன்றது. ஆர்மின் முனையில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ் ஊறிய ஜவ்வரிசி மாதிரி உப்பி, கொழகொழத்துக் கிழிந்திருந்தது. சுற்றிலும் கருப்பாகக் கிரீஸ்.

"இதுல யாரு கிரீஸ் வச்சது?"

"நான்தான். ஜீப்புக்கு அடிக்கிறப்ப வாராவாரம் இதுக்கும் ஒரு கை அப்பிவிடுவேன். பாவம், காயுதேன்னு."

"அடக் கடவுளே! ரப்பருக்குக் கிரீஸ் ஆகாது மாமா, ஊறிப் போயிரும்!"

அவர் அந்த ரப்பரை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்தார். நான் கை கழுவ உள்ளே போனேன்.

புது ஆர்மையும் சக்கரத்தையும் மாட்டி, வண்டி அந்தரத்தில் நிற்கும்போதே போல்ட்டை இறுக்கப் போனார். "நிறுத்துங்க! வண்டி தன் கனத்துல நின்ன பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லைன்னா புது ரப்பரும் கிழிஞ்சிரும்," என்று கத்தினேன். மற்ற நாளாக இருந்தால் எனக்கே வண்டி சொல்லித் தர்றியா என்று மல்லுக்கு நின்றிருப்பார். அன்றைக்குச் சக்கரத்துக்கு அடியில் பலகை போட்டு இறக்கி, உள்ளே ஊர்ந்து போய் முறுக்கினார். "இப்பச் சரியா புள்ள?" என்று வேறு கேட்டுக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வீல் அலைன்மெண்ட் பார்த்துக்கொண்டு மலையேறினோம். கண்ணாடியை இறக்கிவிட்டேன். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். சத்தம் இல்லை. அடுத்ததில் கொஞ்சம் அழுத்தியே மிதித்தேன். இழுக்கவும் இல்லை. திருப்பிய பக்கம் அப்படியே திரும்பியது. "கேட்டீகளா? ஒண்ணுமே கேக்கல!" என்று கத்தினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

போடிமெட்டில் நிறுத்தி டீ வாங்கினோம். "தேவாரத்துக்காரருக்கு நீங்களே போன் போடுங்க, வர வேணாம்னு," என்றேன்.

"அவரு வரமாட்டாரு. காலையிலேயே சொல்லிட்டேன். ஆர்மைக் கழட்டிட்டு நீ கை கழுவப் போனியே, அப்பவே."

"அப்ப இன்னும் சரியாகவே இல்லையே! மாத்தியும் தட்டியிருந்தா?"

"தட்டியிருந்தா இன்னொருக்கா கழட்டியிருப்போம். கெடுத்தது நான். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உன்னைய விக்கச் சொல்லுவேன்?"

நாள் முழுக்க என்னைத் தவிக்க விட்டதற்கு அங்கேயே, டீக்கடைக்காரர் பார்க்கப் பார்க்க, வாயில் வந்தபடி திட்டினேன். அவர் தலையைக் குனிந்தபடி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்த மனுஷனை எனக்குப் பிடித்த மாதிரி கல்யாணத்தன்றுகூடப் பிடித்ததில்லை.