ஜாடியை எடுக்காத நான்கு நாட்கள்

என் பேராசிரியர் ஒரு நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தவர். டெல்லியில் நான் வேலை பார்த்த துறையின் கூடத்தில் அவருடைய படம் இன்றும் தொங்குகிறது. அந்தப் படத்துக்கு முதல் மாலையைப் போட்டவன் நான்தான். போட்டுவிட்டு, அவருடைய கூர்மையான பார்வையைப் பற்றிப் பேசி, கொடுத்த சமோசாவையும் தேநீரையும் சாப்பிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்ததும் வலது கை விரலைச் சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன். சமோசா எண்ணெயின் மேல் பழி போட முடியாது.

நடந்தது பல வருடங்களுக்கு முன்னால், ஏசியாட் விளையாட்டுக்காக நகரத்தை எங்கு பார்த்தாலும் தோண்டிப் போட்டிருந்த கோடையில். நான் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்தேன். ஒரு பெரிய அரசு மருத்துவமனையின் கிருமி ஆய்வுக்கூடத்தில் இளநிலை டாக்டர். கிருமி வளர்க்கும் கூழை இறைச்சிச் சாற்றில் காய்ச்சுவோம். மே மாதத்தில் மின்சாரம் போய்விட்டால் அந்த வாடை சட்டையில் ஏறி வீடு வரை வரும். என் மனைவி என் துணிகளைத் தனி வாளியில் ஊறவைப்பாள். பேராசிரியருக்கு அதெல்லாம் உறைத்ததே இல்லை. கிருமித் தட்டுகள் இருக்கும் ஃப்ரிட்ஜிலேயே மாம்பழம் வைத்திருப்பார். சோதனைக்கு மலம் வந்திருந்த குப்பிகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பழத்தை எடுப்பார், நின்றபடியே கடித்துச் சாப்பிடுவார், சாறு முழங்கை வரை வழியும். அதே கையால் என் தோளைத் தட்டுவார்.

ஆனால் திறமைசாலி. அதை மறைத்தால் இதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

அந்தக் கோடையில் பச்சைக் குழந்தைகள் வார்டில் ஒரு நோய் வந்தது. நேற்று வரை நன்றாகப் பால் குடித்த குழந்தைக்கு இன்று ஜுரம், மறுநாள் உச்சிக்குழி புடைத்துக் கழுத்து பின்னால் வளைந்துவிடும். பிழைத்தவை சில. "கர்மி லக் கயீ" என்பார்கள் வார்டு ஆயாக்கள். சூடு தாக்கிவிட்டதாம். குழந்தைகள் பிரிவின் தலைவரும் கிட்டத்தட்ட அதையேதான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பேராசிரியர் மட்டும் நம்பவில்லை. இறந்த குழந்தைகளின் முதுகுத்தண்டு நீரை எடுத்து வளர்த்தார். தட்டில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் முளைத்தன. தண்ணீரில் சாதாரணமாக இருக்கும் கிருமி. வேறு யாராக இருந்தாலும் தட்டு அசுத்தமாகிவிட்டது என்று தூக்கி எறிந்திருப்பார்கள். அவர் எறியவில்லை. மூன்றாவது குழந்தையிலும் அதே மஞ்சளைப் பார்த்தபோது, இதுதான் நோய் என்று சொன்னார். சரியாகச் சொன்னார்.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க என்னை வார்டுக்கு அனுப்பினார். குழாய், தொட்டி, நர்ஸுகளின் விரல்கள் என்று பஞ்சுக் குச்சியால் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு வந்தேன். அந்த வார்டில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி இருந்தது. அடியில் ரப்பர் குழாய். தாய்க்குப் பால் ஊறாத குழந்தைகளுக்குக் கொடுக்கச் சர்க்கரைத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து அதில் ஊற்றி வைப்பார்கள். தண்ணீர் காய்ச்சியதுதான், ஆனால் ஜாடியை யாரும் கவிழ்த்துக் கழுவியதில்லை. பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர். ரப்பர் குழாய்க்குள் குச்சியை விட்டேன். மூக்குச் சளி போல ஒன்று நூலாக இழுத்துக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை காலையில் தட்டைத் திறந்தபோது விளிம்பு வரை மஞ்சள். அவருடைய அறைக்கு ஓடினேன்.

"சார், ஜாடிதான்."

தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "சபாஷ்" என்றார். "யார்கிட்டே சொன்னே?"

"யார்கிட்டேயும் இல்ல சார். இப்பவே போய் ஜாடியை எடுத்துடச் சொல்லிட்டு வந்துடறேன்."

"இருய்யா. என்ன ஜல்தி? எடுத்தா ஏன்னு கேப்பாங்க. சொன்னா குழந்தைகள் டிபார்ட்மென்ட் ஆசாமி சாயங்காலத்துக்குள்ள தான்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிடுவான். திங்கக்கிழமை மீட்டிங் இருக்கு. டைரக்டர் முன்னாடி நானே சொல்றேன்."

"அதுக்குள்ள வேற குழந்தைக்கு..."

"இவ்வளவு நாளா குடிச்சுட்டுத்தானே இருக்கு எல்லாம்? எல்லாத்துக்குமா வந்துது?"

என்னுடைய வேலை நிரந்தரமாவது அவர் கையில் இருந்தது. அதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. என் பெயரும் அந்தக் கண்டுபிடிப்பில் இருக்கும் என்ற ருசி அப்போதே நாக்கில் பட்டுவிட்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இருவரும் வார்டுக்குப் போனோம். தமிழில் பேசிக்கொண்டு போனதைக் கேட்டு ஒரு கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஐயா, நீங்க தமிழுங்களா?"

இருபது வயதுகூட இராத பெண். பக்கத்தில் சிமெண்ட் காய்ந்த கால்களோடு புருஷன். ஸ்டேடியம் கட்டும் வேலைக்குச் சேலம் பக்கத்திலிருந்து ஆட்களை மொத்தமாகக் கூட்டி வந்திருந்த மேஸ்திரியின் கீழ் இருவரும் வேலை. மடியில் ஆண் குழந்தை, நல்ல எடை, நன்றாகத் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அனுப்பிவிடுவதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். அதுவரை அந்த ஜாடித் தண்ணீர் அதன் வாயில் படவில்லை.

"இன்னும் சேனை வெக்கலீங்கய்யா" என்றாள் அந்தப் பெண். பிறந்த குழந்தையின் நாக்கில் மதிப்பான ஒருவர் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் அவருடைய குணம் குழந்தைக்கு வரும் என்பது நம் பக்கத்து வழக்கம். "ஊரா இருந்தா பெரியவங்க யாராச்சும் வெப்பாங்க. இங்க மேஸ்திரியக் கூப்புடலாம்னு சொல்றாரு இவரு. அந்தாளு புத்தி புள்ளைக்கு வந்தா வெளங்குமுங்களா?"

"ஏய், மெதுவாப் பேசு" என்றான் புருஷன். "வெளியதான் ஒக்காந்திருக்காரு."

"கேக்கட்டும். ஐயா, நீங்க படிச்சவங்க, நம்ம ஆளுங்க. நீங்க வெச்சா படிப்பு வருமுங்க."

பேராசிரியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வைப்பா, வை. உன் புத்தி வரட்டும். என் புத்தி வந்தா சண்டைக்காரனாப் போயிடுவான்."

அதற்குள் புருஷன் கேட்க, ஆயா அந்த ஜாடியிலிருந்து ஒரு சின்ன டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். வார்டில் சர்க்கரைத் தண்ணீர் வேறு எதிலும் கிடையாது. நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

சர்க்கரையை வாங்கி வரச் சொல்லியிருக்கலாம். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போய்த் திரும்பாமல் இருந்திருக்கலாம். கை தவறியது போல டம்ளரைக் கீழே போட்டிருக்கலாம். ஒரு துளி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அதோடு இன்னொன்றும் நினைத்தேன். ஒரு துளி என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். இதை எழுதும்போது என் விரலைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. அந்த விரலைத்தான் டம்ளரில் தோய்த்தேன். குழந்தை அதைச் சப்பியது. பல்லில்லாத ஈறு விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அந்தப் பெண் சிரித்து, இன்னும் கொஞ்சம் கொடுங்கய்யா என்றாள். கொடுத்தேன்.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனார்கள். ஞாயிறு மத்தியானம் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். உடம்பு கொதித்தது. எனக்குச் சொல்லி அனுப்பினார்கள், தமிழ் டாக்டர் என்பதற்காக. வழக்கமான மருந்துகள் இந்தக் கிருமியைத் தொடாது என்று எங்கள் தட்டுகள் காட்டியிருந்தன. எந்த மருந்துக்கு அது கட்டுப்படக்கூடும் என்று எனக்கும் பேராசிரியருக்கும் மட்டும்தான் தெரியும். அந்த மருந்துக்காகக் கடை கடையாக அலைந்தேன். கிடைத்து ஊசி போட ஆரம்பிக்கும்போது கழுத்து பின்னால் வளைய ஆரம்பித்திருந்தது.

திங்கட்கிழமை கூட்டத்தில் பேராசிரியர் ஜாடியை மேஜைமேல் தூக்கி வைத்தார். கல்யாண வீட்டில் சீர்த்தட்டு வைப்பது போல. எல்லோரும் கைதட்டினார்கள். குழந்தைகள் பிரிவின் தலைவர் எழுந்து வந்து கை குலுக்கினார். அன்றே எல்லா வார்டுகளிலும் ஜாடிகளை உடைத்தார்கள். அதன் பிறகு அந்த நோய் அங்கே வரவில்லை. எத்தனையோ குழந்தைகள் அவரால் பிழைத்தன என்று நான் மாலை போட்ட அன்று சொன்னேன். அது உண்மைதான்.

கூட்டத்திலிருந்து திரும்பும்போது சேலத்துக் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். நின்றார்.

"அந்தப் பையனா? கிருமி எப்போ உள்ளே போச்சுன்னு நமக்குத் தெரியுமே. அச்சா. மத்ததெல்லாம் யூகம். இது ஒண்ணுதான் கெட்டியான கேஸ்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வருத்தமாத்தான் இருக்கு" என்றார்.

வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த கட்டுரையில் அந்தக் குழந்தைக்கு ஒரு பத்தி முழுதாகக் கிடைத்தது. அதை எழுதியது நான். ஒரு துளி உள்ளே போன நேரம், ஜுரம் வந்த நேரம் என்று சுத்தமான மொழியில் எழுதினேன். யார் கொடுத்தது என்று மட்டும் எழுதவில்லை. அவர் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. அவர் உலகம் சுற்றினார். எனக்கு வேலை நிரந்தரமானது, பிறகு பதவி, மயூர் விஹாரில் ஃப்ளாட்.

குழந்தை கூட்டத்துக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில் இறந்தது. பிணவறைக்கு வெளியே படியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அழவில்லை. மார்பில் பால் கட்டிச் சேலை நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"ஐயா, நீங்க எவ்வளவோ அலைஞ்சீங்க" என்றாள். "நாந்தான். ஏழாம் மாசம் வரைக்கும் கலவைச் சட்டி தூக்குனேன். அதுல புள்ளைக்குச் சத்து எறங்கலைங்க. இல்லீங்களா?"

புருஷன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வாக்கியத்தில் அவளை விடுவித்திருக்கலாம்.

"ஆமாம்மா" என்றேன். "கொஞ்சம் பலவீனமாத்தான் பொறந்திருக்கு."

அவன் அவள் பக்கம் திரும்பி, "கேட்டியா, டாக்டரே சொல்றாரு" என்றான். அவள் தலையாட்டினாள்.