கல்லை ஒட்டிய சேறு

பழனிசெட்டிபட்டியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் கொத்தனார் நடைபாதைக்குக் கல் பதித்துக்கொண்டிருக்கிறார். ஈரச் சிமெண்டின் வாடை சன்னல் வழியே வந்ததும், சின்னமனூரில் நாங்கள் இருந்த, இன்று வாழைக்காய் மண்டியாகிவிட்ட வீட்டின் கொல்லைக்குப் போய்விட்டேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. கொல்லைக் கதவிலிருந்து குளியலறை வரை வெறும் களிமண் தரை, மழை பெய்தால் வழுக்கும். ஏழு மாதக் கர்ப்பமாயிருந்த அம்மா ஒரு மழைநாளில் தண்ணீர்க் குடத்தோடு அதில் விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிய வாரமே அப்பா கருங்கல் பலகைகளை வாங்கி இறக்கி, தானே மண்ணை வெட்டி, மணலும் சிமெண்டும் குழைத்துப் பரப்பி, மட்டம் பார்த்துப் பார்த்துப் பதித்தார். அவர் கொத்துக்கரண்டிக் காம்பால் கல்லைத் தட்டும் சத்தம், அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த அறை வரைக்கும் நாள் முழுக்கக் கேட்டது.

எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அம்மா அந்தக் கல்லில் கால் வைக்கவே இல்லை. குளிக்கப் போகும்போதும் துணி காயப்போடப் போகும்போதும், பக்கத்துச் சேற்றிலேயே மதிலைப் பிடித்தபடி நடந்தாள்.

"கல்லுதான் கெடக்கே, அதுல நடந்தா என்ன? ஏன் இங்கன வழுக்குற?" என்று ஒருநாள் அப்பா கெஞ்சுவதுபோலக் கேட்டார்.

"மழைக்கு முன்னாடி போட்டுக் குடுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அப்பாவும் சேற்றிலேயே நடந்தார். அந்த வீட்டை விற்றுவிட்டு வரும்வரை கல்லில் நடந்தவள் நான் ஒருத்திதான். அதுவும் அவர்கள் இருவரும் பார்க்காதபோது.