பத்ரோனின் ‘பாருங்கோ’

போன கிழமை பாரிசின் லா சப்பல் கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். பின்னாலிருந்து மகள், “பப்பா, ஃபார்!” என்றாள். நான் தெருவை மேலும் கீழும் பார்த்தேன். அவள் முன்விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறாள். பிரெஞ்சில் ஃபார் என்றால் விளக்கு என்பது இத்தனை வருசமாகியும் எனக்குச் சட்டென்று பிடிபடாது. எல்லாம் அன்ரன் அண்ணையால் வந்த வினை.

எண்பதுகளில் அவரும் நானும் கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினோம். எங்கள் பத்ரோன், அதுதான் முதலாளி, பாரிசுக்கு வெளியே திரான்சியில் தன் வீட்டுக் கராஜில் சொந்தமாக ஒரு விமானம் செய்துகொண்டிருந்தார். மனுசருக்கு எத்தனை விதமான விசர் பாருங்கள். அவர் கிட்ட வந்தாலே வார்னிஷ் மணக்கும். சூப்பும் மணத்ததாக எனக்கொரு சந்தேகம்.

விமானத்தின் இறக்கை நுனிகளில் தரையிறங்கும் விளக்குப் பூட்ட வேண்டியிருந்தது. அண்ணை மன்னாரில் கோயில் பெருநாளுக்குச் சோடனை லைட் கட்டியவர் என்று நான் அளந்துவிட்டேன். பூட்டித் தந்தால் பக்கத்து இருக்கையில் ஏற்றிப் பறப்பதாகப் பத்ரோன் வாக்குக் கொடுத்தார். அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. பாரிசுக்கு வந்தபோது நடு இருக்கையில், இரண்டு தடியர்களுக்கிடையில் நசுங்கி, ஒரு துண்டு மேகம்கூடக் காணாத ஆள் அவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இறக்கை நுனியை வெட்டினோம், உள்ளே வயர் இழுத்தோம். அண்ணை முதலில் பெருநாள் பழக்கத்தில் இடமும் வலமும் மாறி மாறி மின்னும்படி பூட்டிவிட்டார். பத்ரோன் தலையில் கைவைத்துக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. விளக்கை எடுத்துத் தரும்படி அவர் “ஃபார், ஃபார்” என்று கையை நீட்ட, அண்ணை இறக்கையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றாம் முறை அண்ணை கையிலிருந்த குறடைக் கீழே வைத்தார்.

“என்னிலும் இளையவன், ‘பார் பார்’ எண்டு அதட்டுறான். பாருங்கோ எண்டால் வாய் நோகுமோ?”

அது விளக்குக்குப் பெயர் என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை. ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அவர் ஆசைப்பட்ட மேகமெல்லாம் போகப்போகிறதே! ஓடிப்போய்ப் பத்ரோனிடம், எங்கள் பாஷையில் விளக்குக்குப் ‘பாருங்கோ’ என்று பெயர், அப்படிச் சொன்னால்தான் அண்ணைக்கு விளங்கும் என்றேன். அவர் மூன்று தரம் சொல்லிப் பழகினார். அண்ணை ஜாக்கெற்றைக் கழற்றினார்.

பறந்த நாளில் நான் புல்வெளியில் நின்றேன். திரும்பி வரும்போது மாலை மங்கல். விளக்கின் சுவிச் அண்ணையின் பக்கம். விளக்கோ எரியவில்லை. விமானம் இருட்டாகவே வந்து தவளைபோல் இரண்டு தரம் துள்ளி நின்றது. பத்ரோனின் முகம் வெளிறியிருந்தது. அண்ணையின் கண்கள் கலங்கியிருந்தன.

“என்ன மனுசனடா! மேகம், ஆறு, வயல் எல்லாம் காட்டினவன். இறங்கேக்கை தொண்டை கிழியக் கத்தினவன், அப்பவும் ‘பாருங்கோ, பாருங்கோ’ எண்டுதான். நானும் கண் வெட்டாமல் பாத்தனான்.”

அந்தக் கராஜ் இருந்த இடத்தில் இப்போது மாடிவீடுகள். பத்ரோனும் இல்லை, அண்ணையும் இல்லை. லா சப்பல் மரக்கறிக் கடைப் பெடியன் என்னைக் கண்டதும், “பாருங்கோ ஐயா, முருங்கைக்காய் புதுசு” என்கிறான். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை. “பாரடா” என்று சொல்லத்தான் ஒருவருமில்லை.