ஏழு பேருக்கும் ஒரே புள்ளி

அக்காவை அடக்கம் செய்த மூன்றாம் நாள், உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சியில் எனக்குக் கடைசிச் சோதனை. அமிர்தகழியிலிருந்து பஸ்ஸில் போனேன். வாவிக்கரை மைதானத்தில் பெண்பிள்ளைகள் வலைப்பந்து ஆடினார்கள். ஓர் அணியின் ஏழு பேருக்கும் தனித்தனியாகப் புள்ளி போடவேண்டும். பந்து வைத்திருப்பவளை மட்டுமல்ல, இடம் தேடி ஓடுபவளையும் பார்க்கவேண்டும் என்று படித்திருந்தேன். பார்த்தேன், எழுதினேன்.

பயிற்சி தந்த மிஸ் தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்ன, ஏழு பேருக்கும் ஒரே புள்ளி போட்டிருக்கிறீங்க?"

"ஓம் மிஸ். எல்லாரும் ஓடினாங்க."

அக்கா செத்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"அடுத்த கிழமை திரும்ப வாங்க" என்றார்.

போனேன். அந்த முறை ஒவ்வொருத்திக்கும் வேறு வேறு புள்ளி போட்டேன். சோதனையில் சித்தியடைந்தேன். வீட்டில் சொன்னபோது அம்மா தலையை மட்டும் ஆட்டினார். எனக்கும் சந்தோஷம் வரவில்லை.